கம்பெனி கேட்டுக்கு வந்த நூலகர்

சங்கு ஊதியதும் எங்கள் கம்பெனியின் கேட் திறக்கும். நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே நேரத்தில் வெளியே வருவோம். எல்லோருக்கும் ஒரே நீலக் கோட்டு, ஒரே அவசரம். பேரணாம்பட்டு பஸ், வாணியம்பாடி பஸ், பள்ளிகொண்டா பஸ் என்று அவரவர் பஸ்ஸில் இடம் பிடிக்க ஓடுகிற அந்தக் கூட்டத்துக்கு எதிரே யாரும் நிற்க மாட்டார்கள்; நின்றால் இடித்துக்கொண்டே போய்விடுவோம். ஒரு மாலையில் அப்படி ஒரு பெண் நின்றிருந்தார். கறுப்பு புர்கா, தோளில் ஒரு துணிப்பை. செக்யூரிட்டி ஓரமாகப் போகச் சொல்லிக் கையைக் காட்டியும் அவர் நகரவில்லை. வருகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை என் முகத்துக்கு வந்ததும் நின்றது. முந்தைய நாள் மாலைதான் அவரை முதல்முறையாகப் பார்த்திருந்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் கிளை நூலகத்தின் நூலகர் அவர். அவருக்கு என் பெயர்கூடத் தெரியாது. நான் போட்டிருந்த கோட்டின் நிறத்தை வைத்து எந்தக் கம்பெனி என்று விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்.

அவர் எதற்காக வந்தார் என்று சொல்வதற்கு முன்னால் நான் எதற்காக நூலகத்துக்குப் போனேன் என்று சொல்ல வேண்டும். எனக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதிலிருந்தே வலிப்பு நோய் உண்டு. வேலூரில் ஒரு மருத்துவமனையில் காட்டி, மாத்திரை ஆரம்பித்த பிறகு அது அடங்கிவிட்டது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. பல் விளக்குவது போல அதுவும் ஒரு பழக்கமாகிவிட்டது. பன்னிரண்டாவது முடித்து ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சேர்ந்து, மேல்பாகம் தைக்கிற பிரிவில் மெஷினில் உட்கார்ந்தபோதுகூட நோயைப் பற்றி யோசித்ததில்லை. கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் அது மறுபடி வீட்டுக்குள் வந்தது. என் அப்பா மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவரும் சரி என்றார். ஆனால் அவருடைய அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று இரண்டு பேருமாக முடிவு செய்தார்கள். அந்த ‘மெல்ல’ வருவதற்குள் நான் கர்ப்பமாகிவிட்டேன்.

லைனில் என் பக்கத்து மெஷினில் இருந்தவளுக்கு மட்டும் நான் மாத்திரை போடுவது தெரியும். அவள் நல்ல மனசுக்காரி. நல்ல மனசோடுதான் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சொன்னாள், ஃபிட்ஸ் மாத்திரை போட்டால் பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தாளாம். அன்று சாயங்காலம் வரைக்கும் நான் தைத்த தையல் ஒன்றும் நேராக வரவில்லை. சூப்பர்வைசர் இரண்டு ஜோடியைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். வீட்டில் போய்ப் போனில் தேடலாமென்றால், என் போன் வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தையின், அதாவது என் மாமியாரின் கைக்குப் போய்விடும். ஜெபப் பாடல்களும் சமையல் வீடியோக்களும் அதில்தான் அவர் பார்ப்பார். நான் எதைத் தேடினேன் என்பது அவர் விரலுக்குக் கீழே வந்து நிற்கும். வீட்டுக்காரரிடம் சொல்லலாமென்றால் அவர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகத்துக்குப் போயிருந்தார். டாக்டரிடம் போக எனக்கு இன்னும் தேதி வரவில்லை. பஸ்ஸுக்கு நடக்கிற வழியில் நூலகத்தின் சன்னல் வழியாக ஒரு கம்ப்யூட்டரைத் தினமும் பார்த்திருக்கிறேன். அன்று உள்ளே நுழைந்தேன்.

நூலகர் என்றால் கண்ணாடி போட்ட வயதான ஒரு சார் இருப்பார் என்று நினைத்திருந்தேன். இருந்தவர் என்னைவிட இளையவர். மேல்விஷாரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர், வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. நான் அவரை மேடம் என்றேன். அவர் என்னை அக்கா என்றார். கடைசிவரை அது மாறவேயில்லை. கம்ப்யூட்டரில் ஒன்று பார்க்க வேண்டும் என்றேன். என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஒருத்தருக்கு, என்று ஆரம்பித்து, ஃபிட்ஸ் மாத்திரை, கர்ப்பம் என்று இரண்டு வார்த்தையை மட்டும் மெதுவாகச் சொன்னேன். பேப்பர் படிக்க வந்தவர்களின் மேசை பக்கத்திலேயே இருந்தது. அவர் குரலைத் தாழ்த்தி, திரையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினார். யாருக்கு என்று கேட்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

முதலில் வந்த பக்கம் தமிழில் இருந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் படம், கர்ப்பிணியின் படம், கொட்டை எழுத்தில் தலைப்பு. நூலகம் மூடுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. யாரோ புத்தகம் திருப்பித்தர நின்றுகொண்டிருந்தார். நூலகர் மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு அதைப் பிரிண்ட் எடுத்து என் கையில் கொடுத்தார். நான் பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். வலிப்பு மாத்திரைகள் எல்லாமே கருவுக்கு விஷம், தெரிந்த அன்றே நிறுத்திவிட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. லைனில் ஒருத்தி சொன்னால் அது வம்பு. நூலகத்தில் கொடுத்த தாள் அப்படியா? அச்சில் வந்தது என்றாலே உண்மை என்று நம்பிய வீடு எங்களுடையது. அன்று இரவு மாத்திரையைப் போடவில்லை. மறுநாள் காலையிலும் போடவில்லை. பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்கிற நிம்மதியோடு வேலைக்குப் போனேன்.

அன்று மாலைதான் அவர் கேட்டுக்கு வந்து நின்றது.

என்னைக் கூட்டத்திலிருந்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். கூட வந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் வெளுத்திருந்தது. “அக்கா, நேத்து நான் குடுத்த பேப்பர தூக்கிப் போட்டுடுங்க. நான் அத முழுசா பாக்காம குடுத்துட்டேன்” என்றார். காலையில் நூலகத்தைத் திறந்ததும் அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்திருக்கிறார். ஏனோ மனசு உறுத்தியதாம். கடைசிவரை இறக்கிப் பார்த்தால், அடியில் ஒரு வேர்ப்பொடி விளம்பரம். மாத்திரையை நிறுத்திவிட்டு அந்தப் பொடியை வாங்கச் சொல்லி ஒரு போன் நம்பர். எழுதியது யார் என்று எங்குமே இல்லை. படத்திலிருந்த டாக்டருக்குப் பெயர் இல்லை. அதற்குப் பிறகு அவருக்கு அன்று வேலையே ஓடவில்லை. தினமும் பேப்பர் படிக்க வருகிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரை மேசையில் உட்கார வைத்துவிட்டுச் சங்கு ஊதும் நேரத்துக்கு ஓடி வந்திருக்கிறார். இதையெல்லாம் சொல்லிவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“அவங்க மாத்திரைய நிறுத்திட்டாங்களா அக்கா?”

நான் சொன்னேன், “அவங்க இல்ல மேடம். நான்தான்.”

என் கையைப் பிடித்துக்கொண்டார். என் பஸ் போய்விட்டது. இருவரும் நூலகத்துக்கு நடந்தோம்.

அந்த மாலையை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இந்த முறை அவர் அவசரப்படவில்லை. ஒரு பக்கம் திறந்ததும் முதலில் அதன் அடிக்குப் போனார். யார் எழுதியது, எப்போது எழுதியது, இதில் எதையாவது விற்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் மேலே வந்தார். விற்கிற பக்கங்களை எல்லாம் மூடினார். அரசாங்கத்துச் சுகாதாரப் பக்கம் ஒன்று, பெரிய மருத்துவமனைகளின் பக்கங்கள் ஒன்றிரண்டு என்று கடைசியில் கொஞ்சம்தான் மிஞ்சின. அவை ஆங்கிலத்தில் இருந்தன. அவர் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். தெரியாத வார்த்தை வந்தால் தெரியாது என்று சொல்லி அகராதியை எடுத்தார். ஓர் இடம் சொல்வதை அதோடு சம்பந்தமில்லாத இன்னோர் இடமும் சொல்கிறதா என்று பார்த்தார். என் கைப்பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினேன். அதன் பெயரைப் போட்டு, வந்ததை இரண்டு முறை படித்தார். பிறகு மறைக்காமல் சொன்னார். இந்த மாத்திரை கருவுக்குக் கெடுதல் செய்யக்கூடியதுதான், கர்ப்பமாக நினைக்கிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டியது என்று போட்டிருக்கிறது. அதே பக்கத்தில், அதைவிடப் பெரிய எழுத்தில், தானாக நிறுத்தக் கூடாது என்றும் போட்டிருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு பலமாக வரலாம், அது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

அப்படியானால் வீடியோவில் சொன்னது பொய் இல்லையே என்று கேட்டேன்.

“பாதி நிஜம் அக்கா. முழுப் பொய்ய விட பாதி நிஜம்தான் ஜாஸ்தி பேஜாரு” என்றார் அவர்.

அப்படியென்றால் நான் என்ன செய்யட்டும், போடட்டுமா வேண்டாமா என்று அவரையே கேட்டேன். அந்த நேரத்தில் அவர் எதைச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பேன். அவர் சொல்லவில்லை. “எனக்கு வைத்தியம் தெரியாது. நேத்து தெரிஞ்ச மாதிரி குடுத்துதான் இப்படி ஆச்சு. இத டாக்டர்தான் சொல்லணும், இன்னிக்கே சொல்லணும்” என்று நான் காட்டுகிற வேலூர் மருத்துவமனையின் தொலைபேசி எண்ணை அவர்களுடைய சொந்தப் பக்கத்திலேயே தேடி எடுத்துத் தன் போனில் போட்டுக் கொடுத்தார். அது இங்கும் அங்கும் மாறி, கடைசியில் ஒரு நர்ஸ் எடுத்தார். நான் அழாமல் பேச வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. நர்ஸ் பொறுமையாகக் கேட்டு, டாக்டரிடம் விசாரித்துவிட்டு வந்து, இன்று இரவு மாத்திரையை வழக்கம்போலப் போடுங்கள், நாளைக் காலையில் நேரே வந்துவிடுங்கள் என்றார். அந்த இரண்டு வாக்கியத்துக்காக நாங்கள் இருவரும் காத்திருந்த நேரத்தில், பேப்பர் மேசையிலிருந்த வாத்தியார் எங்கள் பக்கம் திரும்பாமல் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் நான் கேட்க வேண்டிய கேள்விகளை மேடம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். இதே மாத்திரை தொடருமா, மாற்றினால் எப்படி மாற்றுவீர்கள், நடுவில் வலிப்பு வந்தால் வீட்டில் என்ன செய்வது. பஸ்ஸில் அதையே முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் காலையில் வேலூருக்குக் கிளம்ப வேண்டுமென்றால் அத்தையிடம் காரணம் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய வீட்டுக்காரர், செக்கப் என்று சொல்லிவிடலாம் என்றார். எனக்கு அதற்கு மேல் மறைக்கத் தெம்பில்லை. சமையலறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை அடுப்பை அணைத்தார். மகனை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். நாங்கள் வேலூரிலிருந்து திரும்பி வந்த பிறகும் பேசவில்லை. டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இன்னொன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றச் சொல்லியிருந்தார். கூடவே ஒரு சத்து மாத்திரையும் ஸ்கேனுக்குத் தேதியும் கொடுத்திருந்தார். வந்தது நல்லது, நிறுத்தியது தப்பு என்று சொல்லிவிட்டுக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார். எனக்கு இருந்த பெரிய பயம் அதோடு பாதி குறைந்தது. மீதிப் பாதி அத்தையின் மௌனமாக வீட்டில் உட்கார்ந்திருந்தது. சாப்பாடு போட்டார், துணி மடித்தார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எனக்காகக் கண்ணீரோடு ஜெபித்தார்; என்னோடு மட்டும் பேசவில்லை.

ஒரு நாள் அவரே வந்து கேட்டார். “உனக்கு அது வந்தா நான் இன்னா பண்ணணும்? சாவிக்கொத்து குடுத்தா நிக்கும்னு சொல்வாங்க. பெரிய சாவியா ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்.” நோயைவிட, தன்னிடம் சொல்லவில்லை என்பதுதான் அவரை வதைத்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் அவர் மௌனமாக என்னைக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். சாவி வேண்டாம் அத்தை என்றேன். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அவர் ஊரில் எல்லோரும் சாவிதான் கொடுப்பார்களாம். சனிக்கிழமை மாலை அவரை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே அவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. அத்தை அதுவரை நூலகத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. செருப்பைக் கழற்றவா என்று கேட்டார். மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார வைத்து, சாவி கொடுப்பது தப்பு என்று ஆரம்பிக்காமல், உங்கள் ஊரில் எப்படிக் கொடுப்பார்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டார். வலிப்பு கொஞ்ச நேரத்தில் தானாக நிற்கும், அந்த நேரத்தில் கையில் சாவி இருந்ததால் நின்றது என்று நமக்குத் தோன்றும் என்றார். பிறகு ஒரு மருத்துவமனை போட்டிருந்த வீடியோவைக் காட்டினார். அத்தை அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். இதை யார் சொல்கிறார்கள் என்று அவரே கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், தலைக்குக் கீழே துணி வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, பிடித்து அழுத்தக் கூடாது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், கர்ப்பிணி என்பதால் நின்ற பிறகும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அத்தை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக் காட்டிய பிறகுதான் எழுந்தார். போகும்போது மேடத்தின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். வெளியே வந்ததும் என்னிடம், “நல்ல பொண்ணு. நம்ம வீட்டுக்கு ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடு” என்றார்.

ஏழாம் மாதத்தில் அது வந்தது. மாத்திரை மாற்றியதால் பிரசவத்துக்குள் எப்போதாவது வரலாம் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். எனக்கு எதுவும் நினைவில்லை. துணி உலர்த்த வாசலுக்கு வந்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது ஆம்புலன்ஸின் மேல்கூரை. நடுவில் நடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லித்தான் கேட்டேன். சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களில் ஒருவர் சாவியைக் கையில் வைக்கப் போக, அத்தை தட்டிவிட்டாராம். இன்னொருவர் ஸ்பூனை வாயில் வைக்கப் போனபோது, கிட்ட வராதே என்று கத்தினாராம். சாதாரணமாகச் சத்தம் போட்டுப் பேசாத மனுஷி. என்னை இடப்பக்கமாகத் திருப்பி, தன் முந்தானையைச் சுருட்டித் தலைக்குக் கீழே வைத்து, உள்ளே சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தை வாசலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஆம்புலன்ஸில் கண் திறந்தபோது அவர்தான் பக்கத்தில் இருந்தார். சீக்கிரமே நின்னு போச்சும்மா, பிள்ளை நல்லா இருக்கு, டாக்டர் பாத்துடுவாங்க என்று சொல்லிக்கொண்டே வந்தார். மகள் பிறந்தபோது குறை ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னதும், ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே அத்தை மேடத்துக்குப் போன் போட்டார். என் அப்பாவுக்கே அதற்குப் பிறகுதான் செய்தி போனது.

அதற்குப் பிறகு மேடத்துக்கு வேறு ஊருக்கு மாறுதல் வந்தது. சொல்லிவிட்டுப் போக வீட்டுக்கு வந்தார், அத்தையின் கையால் சாப்பிட்டார். அப்புறம் பண்டிகைக்கு ஒருவருக்கொருவர் வாழ்த்து அனுப்புவதோடு சரி. எங்கள் நூலகத்தில் இப்போது வேறொருவர் இருக்கிறார், நல்லவர்தான். லைனில் யாருக்காவது சர்க்கரைக்கு ஒரு பொடி, தைராய்டுக்கு ஒரு கஷாயம் என்று வீடியோ வந்தால், அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். எனக்கும் வைத்தியம் தெரியாது. கடைசிவரை இறக்கிப் பார்த்து, யார் சொல்கிறார்கள், என்ன விற்கிறார்கள் என்று மட்டும் காட்டுகிறேன். சிலர் கேட்கிறார்கள், சிலர் கேட்பதில்லை.

எனக்குச் சரியானதைச் சொல்லித் தந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆசிரியர்கள், டாக்டர்கள், என் வீட்டுக்காரர். ஆனால் தான் தவறாகக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ள, பெயர் தெரியாத ஒருத்தியைத் தேடி வந்தவர் அவர் ஒருவர்தான். அவர் வராமலே இருந்திருக்கலாம். யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். நான் விழுந்திருந்தால்கூட அது எதனால் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. இதை யோசிக்கும்போதெல்லாம் நன்றி என்கிற வார்த்தை எனக்குச் சின்னதாகத் தோன்றுகிறது.

சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கலவை என்கிற ஊருக்குப் போயிருந்தோம். மேடம் இப்போது அந்தப் பக்கத்து நூலகத்தில்தான் இருக்கிறார் என்று தெரிந்ததால், மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். வயதான விவசாயி ஒருவர் காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குத் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, தாழ்ந்த குரலில் எதையோ படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார் மேடம். முகம் கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தது, கண்ணாடி வந்திருந்தது. நாங்கள் கதவருகே காத்திருந்தோம். பெரியவர் எழுந்து போன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தார். எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எப்படி இருக்கிறீர்கள், பாப்பா எத்தனாவது படிக்கிறாள் என்றெல்லாம் பிறகுதான் கேட்டார். முதலில் கேட்டது வேறு.

“மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா அக்கா?”

“போடுறேன் மேடம்” என்றேன்.